ஐயாவின் உண்டியலும் பெரியப்பச்சியின் பூஞ்சையும்

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பிறந்த வீட்டைத் திறந்து சுத்தம் செய்யப் போயிருந்தோம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு. ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். முகப்பைத் தாண்டி வளவில், அதாவது நடு முற்றத்தில், கால் வைத்ததுமே அந்த நெடி மூக்கில் ஏறியது. புறா எச்சம். பர்மாத் தேக்குத் தூண்களின் போதிகையில், நிலைக்கு மேலே, ஓட்டுச் சரிவின் உள்விளிம்பில் என்று ஒரு விரற்கடை இடம் விடாமல் குடியேறியிருந்தன. ஆத்தங்குடிக் கல்லின் பூ டிசைனே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை.

சின்னப்பச்சி மகன், எனக்குத் தம்பி, ஏணியில் ஏறி, தென்னந்துடைப்பத்தால் காய்ந்த எச்சத்தைச் சரசரவென்று தட்டிவிட்டான். புழுதி வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கீழே இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் புறாக்களே பறந்துவிட்டன.

"டேய், இறங்குடா முதல்ல! தண்ணி தெளிக்காம தட்டாதே!"

"என்ன ஆச்சி, புறாப் பீயில என்ன இருக்கு?"

அக்காவைத்தான் எங்களில் ஆச்சி என்போம். என்ன இருக்கிறது என்று அவனுக்கு அன்று மாலைவரை சொன்னேன். சொல்லி முடித்தபோது இதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. இருபத்து நாலு வருஷமாக மைக்ரோபயாலஜி லேபில் ஸ்லைடு பார்ப்பவள் நான். ஆராய்ச்சியாளர் கிடையாது. ஆனால் இந்த ஒரு பூஞ்சையைப் பற்றி மட்டும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். காரணம் பெரியப்பச்சி, என் பெரியப்பா.

பூஞ்சையின் பெயர் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். ஈஸ்ட் வகை. புறா எச்சத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1955இல் செஸ்டர் எம்மன்ஸ் என்கிற அமெரிக்கர் கண்டு சொன்னார். எச்சத்தில் கிரியேட்டினின் இருக்கிறது, மற்ற பல கிருமிகளுக்குச் செரிக்காத அதை இந்தப் பூஞ்சை நைட்ரஜனுக்காகத் தின்னும். கிட்னி நோயாளி உள்ள வீடுகளில் கிரியேட்டினின் என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று தெரியும். எங்கள் வீட்டில் நாலு வருஷம் காலையில் எழுந்ததும் பேசுகிற சொல் அதுதான். அதையே ஒரு பூஞ்சை பலகாரமாகத் தின்கிறது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

பெரியப்பச்சிக்கு 2010இல் கிட்னி மாற்றினார்கள். கொடுத்தது அவர் மனைவி, பெரியாத்தா. மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மூன்று வருஷம் நன்றாக இருந்தார். அப்புறம் தலைவலி. முதலில் காட்டிய இடத்தில் ஒற்றைத் தலைவலி என்று மூன்று வாரம் மாத்திரை கொடுத்தார்கள். கிட்னி மாற்றியவர், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, பிடரி இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லியும் ஸ்கேன்கூட எடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, சரி, விடுங்கள். பொருள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டு போனோம். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். அது நான் அப்போது வேலை பார்த்த லேபுக்கே வந்தது.

யாருடையது என்று தெரிந்தேதான் பார்த்தேன். ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு இந்தியா இங்க், மேலே கவர் ஸ்லிப். மையின் கரிய பின்னணியில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் அகலமான ஒளிவளையம். நிலா கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும் என்று ஊரில் சொல்வார்களே, அச்சு அசல் அப்படி. அழகாக இருந்தது என்று சொல்லக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

அந்தக் கோட்டைதான் இந்தப் பூஞ்சையின் மொத்த சாமர்த்தியமும். வழவழப்பான சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை. முக்கியமான சங்கிலியின் பெயர் குளுக்குரோனோசைலோமானன், பெயர் நீளம் என்பதால் ஜிஎக்ஸ்எம் என்பார்கள். நம் உடம்பில் கிருமியை விழுங்குகிற மேக்ரோஃபேஜ் செல்களுக்கு இந்த உறை பிடி கொடுக்காது. எண்ணெய் பூசிய விலாங்கு மாதிரி நழுவும். போதாததற்கு உறையிலிருந்து ஜிஎக்ஸ்எம் கழன்று ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் மிதந்து, மற்ற செல்களையும் மந்தமாக்கும்.

பெரியப்பச்சி பிழைத்தார். இரண்டு வாரம் ஆம்ஃபோடெரிசின், அப்புறம் மாதக்கணக்கில் ஃபுளூகோனசோல், இரண்டும் பூஞ்சை மருந்து. மண்டைக்குள் அழுத்தம் ஏறியதில் ஒரு கண் மங்கிப் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் ஒன்று கேட்டார். மனிதர் பேங்கில் இருந்தவர், எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பார்.

"ஏத்தா, இந்தக் கிருமிக்கு எதிரா என் உடம்புல ஆன்டிபாடி இல்லாமப் போச்சா?"

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம். இருந்திருக்கும் என்றேன். அப்படியானால் அது ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருந்திருக்கும் என்று நான் சொன்னது சும்மா இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சாதாரணக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இரண்டு வயதைத் தாண்டிய பெரும்பாலான குழந்தைகளிடம் கிரிப்டோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. 2001இல் வெளிவந்த ஆய்வு. அங்கேயும் புறாக்கள்தான். அதாவது மூச்சோடு உள்ளே போவது பலருக்கும் நடக்கிறது, நோய் வருவது வெகு சிலருக்கு. உள்ளே போனது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் பதுங்கியும் இருக்கும். பிரான்சில் குடியேறிப் பல ஆண்டு வாழ்ந்த ஆப்பிரிக்கர்களுக்கு இந்த நோய் வந்தபோது, அவர்களிடம் இருந்த பூஞ்சை ஆப்பிரிக்க ரகமாக இருந்தது. பிறந்த ஊரிலேயே வாங்கி வந்தது. அதனால் பெரியப்பச்சிக்கு இந்த வீட்டுப் புழுதியில்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர் இருபது வயதிலிருந்து எத்தனை ஊர், எத்தனை மாடி.

நான் படித்த பாடத்தில் விஷயம் ரொம்ப எளிதாக இருந்தது. பாக்டீரியாவுக்கு ஆன்டிபாடி, பூஞ்சைக்கு டி செல் என்கிற வெள்ளணு. ஆன்டிபாடி சுரக்காமல் பிறந்த குழந்தைகளுக்குப் பூஞ்சை நோய் பெரிதாக வருவதில்லை, பாக்டீரியா நோய்தான் அடுக்கடுக்காக வரும். எச்ஐவியில் சிடி4 என்ற டி செல் வகையின் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கியவர்களுக்கோ கிரிப்டோகாக்கஸ் வந்து நிற்கும். அப்படியென்றால் பூஞ்சை விவகாரத்தில் ஆன்டிபாடிக்கு வேலை இல்லை. இப்படித்தான் பரீட்சையில் எழுதினேன், முழு மார்க்கும் வாங்கினேன். பழைய சோதனைகளும் அதற்கு ஒத்து ஊதின. நோய் தாங்கிய விலங்கின் சீரத்தை எடுத்து இன்னொரு விலங்குக்குப் போட்டால் ஒரு தடவை பலன் இருக்கும், அடுத்த தடவை இருக்காது. சீரம் என்பது ரத்தத்தின் தெளிந்த நீர், ஒரே கலயத்தில் கொட்டிய நூறு வகை ஆன்டிபாடி. எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிரிக்க வழி இல்லை.

1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஹைப்ரிடோமா முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வார்ப்பில் ஊற்றிய மாதிரி ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு செய்துகொள்ளலாம். 1984இல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். இதை வைத்துக்கொண்டு நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஆர்ட்டுரோ கசடெவால், மேத்யூ ஷார்ஃப், ஜீன் முகர்ஜி ஆகியோர் எலிகளில் வேலையை ஆரம்பித்தார்கள். ஜிஎக்ஸ்எம்மை நம்முடைய டி.டி. ஊசியில் இருக்கும் டெட்டனஸ் டாக்சாய்டோடு கோத்து எலிக்குப் போட்டு, வந்த ஆன்டிபாடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். சர்க்கரையை மட்டும் போட்டால் டி செல் சட்டை செய்யாது, கூடவே ஒரு புரதத்தைக் கோர்த்தால்தான் உதவிக்கு வரும். டி செல் இல்லாமல் நல்ல ஆன்டிபாடி விளைவதே கஷ்டம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பிரித்துப் பார்த்ததில் மூன்று ரகம் கிடைத்தன. காப்பாற்றுவது ஒன்று. சும்மா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்று. நோயை மோசமாக்குவது ஒன்று. பழைய சீரச் சோதனைகள் குழப்பியதன் ரகசியம் இதுதான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1995இல் வந்த சோதனை. ஆன்டிபாடியை ஆங்கில ஒய் எழுத்து மாதிரி வரைவார்கள். இரண்டு கை கிருமியைப் பிடிக்கும், கீழே இருக்கும் வால் நம் செல்களோடு பேசும். ஐஜிஜி3 வகையைச் சேர்ந்த ஓர் ஆன்டிபாடி எலியைக் காப்பாற்றவில்லை. கைகளை அப்படியே வைத்துக்கொண்டு வாலை மட்டும் ஐஜிஜி1 ஆக மாற்றினார்கள். காப்பாற்றியது! பிடிக்கிற இடம் ஒன்று, பிடிக்கிற விதமும் ஒன்று. உத்தரவு மட்டும் வேறு.

அதைவிடப் பெரியது 1997இல் வந்தது. காப்பாற்றும் அதே ஐஜிஜி1ஐ, சிடி4 டி செல் இல்லாத எலிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இல்லை. டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள் இல்லாத எலிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் இல்லை. ஆன்டிபாடி பூஞ்சையைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எலிகள் பிழைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஐயாவின் பெட்டி ஞாபகம் வந்தது.

ஐயா, அதாவது எங்கள் தாத்தா, சின்ன வயதில் பெட்டியடிப் பையனாகப் பர்மா போனவர். அடுத்தாள் ஆகி, கடைசியில் பெகுவில் ஒரு கடைக்கு மேலாள், அதாவது பொறுப்பாளர், ஆனவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த மார்ச்சில் ஊரே ஜப்பான் கையில். ஐயா நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். இடுப்பில் சுற்றி எடுத்து வந்த காகிதங்களில் ஓர் உண்டியல், அந்தக் காலத்துப் பணச்சீட்டு, இருந்தது, ரங்கூன் மொகல் தெருவில் ஒரு விலாசத்தின் பேருக்கு எழுதியது. காட்டியவுடன் பணம் தரச் சொல்லும் உண்டியல். கையெழுத்து சுத்தம், தொகை சுத்தம், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. காட்டுவதற்குத்தான் அங்கே ஆள் இல்லை, கடை இல்லை, பெட்டியில் பணம் இல்லை. ஐயா அதைக் கிழிக்காமல் சாகும்வரை வைத்திருந்தார்.

பெரியப்பச்சி கேட்டதற்குப் பதில் அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று தோன்றியது. ஆன்டிபாடி ஓர் உண்டியல். இந்தப் பூஞ்சையைப் பொறுத்தவரை தானே பணமாகாது. மறுமுனையில் அதை வாங்கிப் பார்த்துப் பெட்டியைத் திறக்கிற மேலாள் வேண்டும்.

என் அறிவுக்கு எட்டிய வரை நடப்பு இது. ஆன்டிபாடி பூஞ்சையின் வழுக்கும் உறைமேல் ஒட்டிக்கொள்கிறது. அதன் வாலைப் பிடிக்க மேக்ரோஃபேஜிடம் கொக்கி இருக்கிறது. இப்போது பிடி கிடைத்துவிட்டதால் விழுங்குகிறது. டென்ட்ரிட்டிக் செல் என்ற இன்னொரு வகை விழுங்கினால், பூஞ்சையைத் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளை சிடி4 டி செல்லிடம் காட்டுகிறது. ஆக, டி செல்லுக்குச் செய்தி போய்ச் சேர்வதிலேயே ஆன்டிபாடிக்குப் பங்கு இருக்கிறது. டி செல் விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரான் காமாவை அனுப்புகிறது. அது வந்தால்தான் மேக்ரோஃபேஜுக்குத் தான் விழுங்கியதைக் கொல்லும் தெம்பு வரும். வராவிட்டால் என்ன ஆகும்? விழுங்கப்பட்ட பூஞ்சை சாகாது. உள்ளேயே உட்கார்ந்து பெருகும். சில சமயம் செல்லையும் உடைக்காமல் முழுசாக வெளியே வந்துவிடும், 2006இல் இதை வீடியோவே எடுத்திருக்கிறார்கள். டி செல் இல்லாத உடம்பில் விழுங்க வைப்பது என்பது, திருடனைப் பிடித்து வந்து நம் வீட்டு இரண்டாங்கட்டில் படுக்க இடம் கொடுத்த கதை.

இன்னொரு வேலையும் ஆன்டிபாடி செய்கிறது. மிதந்து திரியும் ஜிஎக்ஸ்எம்மைப் பிடித்து ரத்தத்திலிருந்து விலக்குகிறது. டி செல்களை மந்தமாக்கிக்கொண்டிருந்த சரக்கு குறைகிறது. இது உண்டியல் உவமைக்குள் வராது. உவமையை ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும், இதோடு விடுகிறேன்.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி. "அப்ப நல்ல ரக ஆன்டிபாடியா நிறையச் செஞ்சு ஊசி போட்டுற வேண்டியதுதானே ஆச்சி?"

எலிகளில் அளவைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஓர் எல்லைக்கு மேல் கூட்டக் கூட்டப் பாதுகாப்பு குறைந்தது. காப்பாற்றும் ரகமே, அளவு மிஞ்சியபோது காப்பாற்றவில்லை. லேபில் எங்களுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். ஆன்டிபாடி அளவுக்கு அதிகமாக இருந்தால் டெஸ்ட் நெகட்டிவ் காட்டும், சாம்பிளை நீர்த்துப் போட்டால் பாசிட்டிவ் காட்டும், புரோசோன் என்போம். கண்ணாடிக் குழாயில் பார்த்தது உயிருள்ள எலியிலும் நடக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மனிதர்களிலும் முயன்றார்கள். எலியிடமிருந்து பிரித்த 18பி7 என்ற ஆன்டிபாடியை, கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு மருந்து எடுத்துத் தேறிய எச்ஐவி நோயாளிகளுக்குக் கொடுத்த முதல்கட்டச் சோதனை 2005இல் வெளிவந்தது. ரத்தத்தில் மிதந்த பூஞ்சைச் சர்க்கரை கொஞ்ச காலம் குறைந்தது, பிறகு பழைய அளவை நோக்கித் திரும்பியது. அது மருந்துக்கடைக்கு வரவில்லை. எச்ஐவிக்காரர்களுக்கு இல்லாமல் போனது சிடி4தானே. மொகல் தெருவில் ஆள் இல்லை.

ஆனால் வேறு விதத்தில் இந்த ஆன்டிபாடிகள் நம் ஊர் வரை வந்துவிட்டன. இப்போது இந்த நோய்க்கு ஒரு பட்டை டெஸ்ட் இருக்கிறது, கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரி. ஒரு சொட்டு சாம்பிள், பத்து நிமிஷம், இரண்டு கோடு. பட்டையில் பூசியிருப்பது ஜிஎக்ஸ்எம்மைப் பிடிக்கும் மோனோகுளோனல், அதாவது ஒரே வார்ப்பு, ஆன்டிபாடி. இந்தியா இங்க்கில் தப்பிப்பதையும் இது பிடிக்கும். பெரியப்பச்சிக்கு முதல் வாரமே யாராவது இதைப் போட்டிருந்தால் கண் மிஞ்சியிருக்கும்.

அவர் கதையில் இன்னொரு திருப்பம் பாக்கி இருக்கிறது. பூஞ்சை மருந்து வேலை செய்து, கல்ச்சர் சுத்தமாகி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையையும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். மறுபடி காய்ச்சல், மறுபடி தலைவலி. பெரியாத்தா அழுதுவிட்டார். மறுபடி தண்டுவட நீர் எடுத்தோம். உயிருள்ள பூஞ்சை ஒன்றுகூட வளரவில்லை. இந்தத் தடவை நோவு கொடுத்தது அவருடைய சொந்த டி செல்கள். ரொம்ப நாள் கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்துவிட்டதும், செத்த பூஞ்சையின் மிச்சத்தைப் பார்த்துப் பாய்ந்து, மூளை உறையையே வீங்க வைத்துவிட்டன. கசடெவாலும் லீஸ்-ஆன் பிரோஃப்ஸ்கியும் இதைத்தான் 1999லிருந்து சொல்லி வருகிறார்கள்: நோய் என்பது கிருமி செய்யும் சேதமும் உடம்பு செய்யும் சேதமும் சேர்ந்தது, எதிர்ப்பு குறைந்தாலும் சேதம், மிஞ்சினாலும் சேதம். எச்ஐவி நோயாளிகளில் இது பச்சையாகத் தெரிந்தது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளிவந்த சோதனையில், மூளைக்காய்ச்சலுக்கு மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே எச்ஐவி மருந்தையும் ஆரம்பித்தவர்களைவிட, ஐந்து வாரம் பொறுத்து ஆரம்பித்தவர்கள் அதிகம் பேர் பிழைத்தார்கள்.

ஆன்டிபாடி இந்த இடத்திலும் உள்ளே வருகிறது. எலிகளில் அது பூஞ்சையைக் குறைப்பதோடு நிற்காமல், செல்கள் எவ்வளவு வேகமாகப் பாய வேண்டும் என்பதையும் மாற்றுகிறது. எந்தச் செய்தி எவ்வளவு சுரக்கும், வீக்கம் எங்கே நிற்கும் என்பதில் அதற்கும் கை இருக்கிறது. நான் படித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஏனென்றால் பரீட்சையில் நான் இரண்டு தனிக் கேள்வியாக எழுதியதை இது ஒரே கேள்வியாக்கிவிடுகிறது.

பெரியப்பச்சிக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள், அடங்கியது. அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். போனது மாரடைப்பில். கடைசிவரை ஒற்றைக் கண்ணால் பேப்பர் படித்தார். நான் உண்டியல் கணக்கைச் சொன்னபோது, "பணம் எங்கிட்டயே அடைஞ்சு கிடந்துச்சு, பூட்டுப் போட்டது அந்த மாத்திரைன்னு சொல்லு" என்றார். மாத்திரை டி செல்லைத்தான் கட்டிப்போடுகிறது என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவே இல்லை.

தம்பி அன்று மாலை தண்ணீர் தெளித்து, முகமூடி கட்டிக்கொண்டு, எச்சத்தை ஈரமாகவே சுரண்டி எடுத்தான். சுரண்டும் வேலையை அவனே பார்த்துக்கொண்டான். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை சாப்பிடும் ஆட்களையெல்லாம் நான் முகப்புத் திண்ணையோடு நிறுத்திவிட்டேன், அதில் இரண்டு பேருக்கு என்மேல் கோபம். மறுநாள் காரைக்குடியிலிருந்து நைலான் வலை வாங்கி வந்து வளவின் திறப்பு முழுக்கக் கட்டினோம். புறாக்கள் கொஞ்ச நேரம் வலைமேல் நடந்து பார்த்தன, அப்புறம் எழும்பிப் பக்கத்து வீட்டு ஓட்டில் வரிசையாக உட்கார்ந்தன.

பக்கத்து வீடும் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி மலேசியாவில்.